காற்றுக்கு ஒரு குழாய்

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான், உன் தம்பி மனைவி, பெரியவள், சின்னவள் ஆகிய நால்வரும் நலம். அங்கு உன் மூட்டு வலியும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும் என நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகிறது. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் மெஷின்களுக்கு நடுவில் நின்ற கால்களுக்கு ஓய்வு தேவை என்பது என் கருத்து. எனவே நீ இங்கு வந்து எங்களோடு நிரந்தரமாக இருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். சமையலறையை ஒட்டிய அறையைக் காலி செய்து பெயின்ட் அடித்தாகிவிட்டது. காலையில் பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது, மாலையில் அழைத்து வருவது, நடுவில் ஏதோ கொஞ்சம் சமைப்பது, இவை தவிர உனக்கு ஒரு வேலையும் இருக்காது. அப்பா அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் நீ. உன்னை உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வது என் கடமை.

இன்னொன்று. நீ ஒரு ஏரோப்ளேன் வாங்கியிருப்பதாகச் சித்தி சொன்னார். அத்தை உங்களுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கி வைத்திருக்கிறாள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். வரும்போது மறக்காமல் எடுத்து வா.

வழக்கமாகக் கடிதத்தின் அடியில் என் மனைவி எழுதும் இரண்டு வரியை இந்த முறை எழுத முடியவில்லை. கை வேலையாக இருக்கிறாள். விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பார்க்கும் தம்பி


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நலம். மூட்டு அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் நால்வரும் நலம் என்றறிந்தேன்.

போனில் பதில் சொல்லியிருக்கலாம். போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை.

ஏரோப்ளேன் விளையாட்டுச் சாமான் இல்லை. இறக்கையின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடுவில் நான் படுக்கலாம். பெட்ரோலில் ஓடும் இன்ஜின். தரையில் நின்று ரிமோட்டில் ஓட்ட வேண்டும். பல் டாக்டர் ஒருவர் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டு இந்தப் பழையதை எனக்குத் தந்தார். முப்பது வருடம் குனிந்து ஊசி குத்தியாகிவிட்டது. இனிக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கலாம் என்று எண்ணம்.

இப்போது சாப்பாட்டு மேஜை மேல் அதன் டேங்க் கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பா. வாயில் ரப்பர் அடைப்பு. அடைப்பில் மூன்று துளை, மூன்று குழாய். ஒன்று இன்ஜினுக்கு. ஒன்று பெட்ரோல் நிரப்ப. மூன்றாவது காற்றுக்கு. இன்ஜினுக்குப் போகும் குழாய் டேங்குக்குள்ளே வளையும் ரப்பராக இருக்கும். அதன் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. விமானம் தலைகீழாகத் திரும்பினால் பெட்ரோல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, குண்டும் அந்தப் பக்கமே விழுந்து உறிஞ்சும். யோசித்தவன் கெட்டிக்காரன்.

பழைய குழாய்கள் எல்லாம் உப்பிப் போயிருந்தன. வேறு எண்ணெய்க்கான மென்மையான குழாயை யாரோ பெட்ரோலுக்குப் போட்டிருக்கிறார்கள். பெட்ரோல் அதைச் சாப்பிட்டுவிடும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பெட்ரோல் தாங்குகிற மஞ்சள் குழாய் வாங்கிவந்தேன். டாக்டர் தாமே மாட்டித் தருவதாகச் சொன்னார். "குழாய் போடறது எப்படின்னு எனக்குச் சொல்லித் தர்றீங்களா டாக்டர்?" என்றேன். டீ குடித்துவிட்டுப் போனார்.

உன் மனைவியின் கை வேலை முடிந்ததும் இரண்டு வரி எழுதச் சொல். அவள் எழுத்தைப் பார்த்தால்தான் கடிதம் வந்த மாதிரி இருக்கிறது.

ஆசிகளுடன்,
அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

நீ குழாயைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கேட்டது நீ எப்போது வருகிறாய் என்பது. மேற்படி விஷயத்தில் என் நிலையை மீண்டும் தெளிவுபடுத்துகிறேன். தனியாக இருக்கும் பெண் வீட்டுக்குள் பெட்ரோல் வைத்துக்கொள்வது ஆபத்து. அறுபதை நெருங்கும் வயதில் மைதானத்தில் ஆண்களோடு நின்று பொம்மை ஓட்டுவதைப் பார்த்து நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். என் அலுவலகத்தில் நான் துணை மேலாளர் என்பதும் உனக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். சம்பந்தம் இருக்கிறது.

சின்னவள் நான் கொடுப்பதைச் சாப்பிட மாட்டேன் என்கிறாள். பெரியவள் இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்போடு பள்ளிக்குப் போய்விட்டாள். ஆசிரியை அழைத்து விசாரித்தார். அத்தை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

என் மனைவி அலுவல் நிமித்தம் ஒரு பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கிறாள். அதனால்தான் எழுதவில்லை.

டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 1

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். விமானம் நலமில்லை.

போன ஞாயிறு முதல் முறை பறந்தது. இப்படி ரிமோட் விமானம் ஓட்டுகிற எங்கள் சங்கத்தின் செயலாளர் பக்கத்தில் நின்றார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையை வைத்து எல்லோரும் கமாண்டர் என்கிறார்கள். அவர் மறுப்பதில்லை. ஒரு சுற்று அழகாகப் போனது. இரண்டாவது சுற்றில் சரியாக அவர் தலைக்கு மேல் இன்ஜின் நின்றது. அவ்வளவு அமைதியை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்டதில்லை. அப்படியே சறுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துச் சோள வயலில் இறங்கியது. இறங்கியது என்பது மரியாதைக்கு.

பல் டாக்டர்தான் மூடியைத் திறந்து பார்த்தார். டேங்க் இரண்டு பக்கமும் பல் போன கன்னம் மாதிரி உள்ளே ஒட்டிப்போயிருந்தது.

"அக்கா, காத்துக் குழாய்ல கிளிப் மாட்டி வெச்சிருக்கீங்களே, எதுக்கு?"

"காத்து உள்ள போயிடக் கூடாதுன்னுதான்."

அவர் குழாயைத் தூக்கிக் காட்டினார். "போகணும்கா. காத்து உள்ள போனாத்தானே பெட்ரோல் வெளிய வரும்? எல்லாப் பக்கமும் இறுக்கி மூடிட்டு, குடு குடுன்னா அது எங்கருந்து குடுக்கும்?"

சிரிக்காதே. டயாலிசிஸ் குழாயில் ஒரு குமிழி காற்று போனால் ஆள் போய்விடுவார். முப்பது வருடம் காற்றை உள்ளே விடாததற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். குழாயைக் கண்டால் என் கை தானாகக் கிளிப்பைத் தேடுகிறது. இதில் விசேஷம் என்னவென்றால், மூடியிருந்தாலும் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் ஓடும். பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைப்பார்கள். டேங்கைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கமாண்டர் மிகவும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். "பரவால்ல மேடம், மனச விடாதீங்க. நீங்க வேணும்னா ஸ்கோர் எழுதுங்களேன். நிழல்ல ஒரு நாற்காலி போடச் சொல்றேன்" என்றார்.

"வேணாம் சார். எனக்குக் கையெழுத்து வராது. ப்ளேனும் வரலதான். ஆனா அதைப் பழகிக்கலாம்."

ஆகஸ்டில் சங்கத்தின் பறக்கும் விழா. ஊரே வந்து பார்க்கும். புதியவர்கள் அதில் பறக்க வேண்டுமானால், அதற்கு முன் தேர்வுநாள் அன்று இன்ஜின் நிற்காமல் மூன்று முறை பறந்து காட்ட வேண்டும். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இறக்கையை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சி எப்போது முடிகிறது?

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம்.

ஜூன் 14, காலை விமானத்தில் உனக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தியிடம் கொடுத்துவிடு. வாடகைக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உடைந்த பொம்மையை அந்தப் பல் டாக்டரிடமே திருப்பிக் கொடு. கையோடு சோள வயல்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா.

பயிற்சி நீட்டிக்கப்பட்டுள்ளது.

தம்பி

(அத்தை, அம்மா எழுதற எடத்துல நான் எழுதறேன். உங்க ஏரோப்ளேன் பெட்ரோல் குடிச்சா அதுக்கு விக்கல் வருமா? இப்படிக்குச் சின்னவள்.)


மே 5

அன்புத் தம்பிக்கு,

நலம். முதலில் சின்னவளுக்குப் பதில். விக்கல் வரும். குழாயில் குமிழி வந்தால் இன்ஜின் விக்கும். அதற்காகத்தான் டேங்கைச் சுற்றி பஞ்சு மெத்தை வைத்திருக்கிறேன். அதிர்ந்தால் பெட்ரோல் நுரைத்துப் போகும். அவள் கேள்வி உன் கடிதம் முழுவதையும்விட விவரமாக இருந்தது என்று அவளிடம் சொல்.

இரண்டாவது, ஜூன் 14 தேர்வுநாள். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வருவதாக இல்லை. டிக்கெட்டை ரத்து செய். நீ எனக்காகப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பெரிய விமானத்தில் டேங்கை யார் மாட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. இதில் தெரியும்.

என் டேங்கைத் திரும்ப மாட்டினேன். அடைப்பின் துளைகளில் செருகிய பித்தளைக் குழாய்களின் நுனியில் ஈயம் வைத்து ஒரு சிறு விளிம்பு கட்டினேன், ரப்பர் நழுவாமல் இருக்க. குண்டுக்குப் போகும் குழாயைக் கத்தரித்தேன். நீளமாக இருந்தால் குண்டு டேங்கின் பின்சுவரில் முட்டி மாட்டிக்கொள்கிறது. சுவருக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விட வேண்டும். ஒருமுறை விமானம் மூக்குக் குப்புறப் பாய்ந்தபோது குண்டு முன்னால் வந்து விழுந்து, குழாய் மடிந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அதனால் நடுவில் ஒரு துண்டுப் பித்தளை செருகினேன். நுனி அசையும், நடு மடியாது.

காற்றுக் குழாய்தான் கடைசி வரை தொல்லை. திறந்து வைத்தால் போதாது. உள்ளே அதன் நுனி டேங்கின் உச்சியைத் தொட வேண்டும். வெளியே, டேங்கின் முதுகைத் தாண்டி ஒரு வளைவு ஏறி இறங்கி, விமானத்தின் வயிற்றுக்கு அடியில் வாய் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கைச் சாய்த்து நிறுத்தினால் பெட்ரோல் எல்லாம் சொட்டிப் போகும். எல்லாம் முடிந்ததும் வாளித் தண்ணீரில் அமுக்கி வாயால் ஊதிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. பிறகு சோதனைக்கு மட்டும் மாட்டிய கிளிப்பைக் கழற்றி, டப்பாவில் போட்டு, டப்பாவைப் பரண் மேல் வைத்தேன். கைக்கு எட்டக் கூடாது.

சோள வயல்காரரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. தேர்வுநாளுக்குப் பார்க்க வருகிறாராம்.

உன் மனைவி நன்றாகப் பயிற்சி எடுக்கட்டும்.

அக்கா


மே 28

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு பெண் தன் சொந்தத் தம்பி கூப்பிட்டும் வர மறுத்து, பித்தளைக் குண்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது எந்தக் குடும்பத்திலும் நடந்திருக்காது. உனக்கு எப்போது இவ்வளவு பிடிவாதம் வந்தது? என் படிப்புக்காக உன் கல்யாணத்தையே வேண்டாம் என்றவள், இப்போது ஒரு பொம்மைக்காக என்னை வேண்டாம் என்கிறாய். சித்தி சிரிக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

டிக்கெட்டை ரத்து செய்யப்போவதில்லை. நீ வராவிட்டால் உன் இருக்கை காலியாகப் பறக்கட்டும். அப்போதாவது உனக்கு உறைக்கும்.

நேற்று சாதம் மறுபடி அடிப்பிடித்தது. பாத்திரத்தை வெளியே வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். நீ வரவில்லை என்றால் நான் என்னதான் செய்வது அக்கா?

தம்பி


ஜூன் 4

தம்பி,

நலம். நீ நலமில்லை என்று தெரிகிறது.

கல்யாணத்தை நான் வேண்டாம் என்றது உன் படிப்புக்காக என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாயா? மாப்பிள்ளை சாப்பிடும்போது மேசை அதிரச் சிரிப்பார். அதற்காக வேண்டாம் என்றேன். உன் படிப்பு வசதியான காரணமாக அமைந்தது. அதை என் தியாகக் கணக்கில் இருந்து எடுத்துவிடு.

இப்போது நீ எழுதாததைப் பற்றி நான் எழுதுகிறேன். உன் மனைவி எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை. ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில், ஆற்றுக்கு நடுவே பாலம் கட்டுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். போவதற்கு முன்பே என்னைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். "அண்ணி, அவர்ட்ட கேட்டுப் பாத்தேன். வேணாம்னு சொல்லிட்டார். கேட்டதுதான் தப்புன்னு இப்ப தோணுது" என்றாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் வந்து, ஞாயிறு திரும்பிப் போகிறாள் என்பதும் தெரியும். படித்தது பாலம் கட்ட. பத்து வருடம் உங்கள் மூன்று பேருக்கும் சாப்பாட்டு டப்பா கட்டினாள்.

நீ உன் வாயால் சொல்வாயா என்று நான்கு மாதம் காத்திருந்தேன். நீ டிக்கெட் போட்டாய்.

நான் அங்கே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் நேரத்துக்குப் போவார்கள். சாதம் அடிப்பிடிக்காது. இரண்டு கால்களிலும் ஒரே செருப்பு இருக்கும். வெள்ளிக்கிழமை அவள் வந்து பார்க்கையில், தனக்கு அங்கே இடமே இல்லாமல் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்குத்தான் நீ என்னைக் கூப்பிடுகிறாய். நான் உன் அக்கா. உன் வீட்டுக்கு மாட்டுகிற கிளிப் இல்லை.

என் விமானத்தைப் பொம்மை என்று எழுதுவதை நிறுத்து. பிடிவாதம் எப்போது வந்தது என்று கேட்டாய். முன்பே இருந்தது. அதற்கு நேரம்தான் இருக்கவில்லை.

சாதத்துக்கு: தண்ணீர் கூட வை, தீயைக் குறை, பக்கத்திலேயே நில். நிற்பதுதான் முக்கியம்.

அக்கா


ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் காலை மைதானத்தில் நிற்கும்போது ஒரு பெரிய விமானம் மேலே போனது. என் இருக்கை அதில் காலியாகப் போகிறது என்று டாக்டரிடம் சொன்னேன். "டாட்டா காட்டுங்கக்கா" என்றார். காட்டினேன்.

முதல் முறை சாதாரணமாகப் பறந்தேன். இரண்டாம் முறை கமாண்டர், "மேடம், மெதுவா ஓட்டுனா யார் இன்ஜினும் நிக்காது" என்றார். அவருக்காகத் தலைகீழாகத் திருப்பி, அவர் தலைக்கு மேலே, போன முறை நின்ற அதே இடத்தில், அப்படியே கொண்டுபோனேன். இன்ஜின் சத்தத்தில் அவர் மேற்கொண்டு சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாம் முறை மூக்கைக் குப்புறப் போட்டுக் கீழே இறக்கி, சோளத் தலைகளைத் தொடுகிற உயரத்தில் தூக்கினேன். வயல்காரர் உட்கார்ந்துவிட்டார். குண்டு போக வேண்டிய பக்கம் போனது. காற்று வர வேண்டிய பக்கம் வந்தது.

கமாண்டர் கையெழுத்துப் போடும்போது, விழா மேடையில் என்னை 'வயதானாலும் ஆர்வம் குறையாத சகோதரி' என்று அறிவிக்கப்போவதாகச் சொன்னார். "வயசப் பத்தி சொல்றதுன்னா எல்லாரோடதயும் சொல்லிடுங்க சார். உங்கள்ல இருந்து ஆரம்பிங்க" என்றேன். பெயரை மட்டும் வாசிப்பதாக முடிவாகியிருக்கிறது.

சமையலறைப் பக்கத்து அறையை வீணாக்காதே. அதில் உட்கார்ந்து உனக்குத் தோன்றுவதை அவளுக்கு எழுது. அலுவலகத்துக்கு எழுதுகிற மாதிரி எழுதாதே.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரண்டு மாதமாக எழுதவில்லை. முதலில் கோபம். பிறகு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். முன்னறிவிப்பு இல்லாமல். அவள் தலையில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, ஆற்றுக்கு நடுவே நின்று, என்னைவிட உயரமான ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். பாலம் பார்க்க என்றேன். காட்டினாள். பாலத்தின் மேல்தளத்தில் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள். வேலை அரைகுறையாக இருக்கிறதே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். வெயிலில் பாலம் நீளும், அதற்கு இடம் விட வேண்டும், இது தெரியாதா என்று பெரியவள் என்னைக் கேட்டாள். பெரியவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்துவிடு என்று கேட்கப் போனவன், கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறாள். நான் பக்கத்தில் நின்று சாதம் வைக்கிறேன். அவள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பிடுகிறாள்.

உன் பறக்கும் விழாவுக்குப் பிள்ளைகள் வர வேண்டும் என்கிறார்கள். நானும் வரலாமா? அவளையும் கூப்பிடலாமா, உனக்கு ஆட்சேபணை ஏதும் உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தம்பி

(அத்தை, ஏரோப்ளேன நான் தொடலாமா? சின்னவள்.)


ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

நலம். மூட்டுக்கூட நலம்.

வாருங்கள். சின்னவள் தொடலாம், இன்ஜின் நின்ற பிறகு. பெரியவள் பெட்ரோல் நிரப்பட்டும். நிரப்பியதும் அந்தக் குழாயை மட்டும் மூட வேண்டும், காற்றுக் குழாயைத் தொடக் கூடாது என்று இப்போதே சொல்லி வை. உனக்கும் சேர்த்துத்தான்.

அவளைக் கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ கேட்டது நல்லது. ஆனால் ஜூனிலேயே நான் கூப்பிட்டு, அவளும் விடுப்பு எடுத்தாயிற்று. இன்ஜினைக் கிளப்பும்போது விமானம் பாய்ந்து ஓடாமல் வாலைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். கை நடுங்காத ஆளாக இருக்க வேண்டும். எப்போது விட வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அவளைத் தவிர வேறு யாரும் எனக்குத் தோன்றவில்லை.

நீ சும்மா நிற்க வேண்டாம். கமாண்டரிடம் பேசிவிட்டேன். நிழலில் உனக்கு ஒரு நாற்காலி போடுகிறார்கள்.

ஸ்கோர் எழுது. உனக்குக் கையெழுத்து நன்றாக வரும்.

அக்கா